அணைய நான் படம் எடுக்கல

இல்ல சார், அணைய நான் எடுக்கவே இல்ல. அல்லா மேல ஆணையா. வாட்ச்மேன் சொல்லுதத மட்டும் கேட்டுக்கிட்டு கேமராவத் தொறந்துறாதீக. தொறந்தா வெளிச்சம் பட்டு உள்ள இருக்கிறதெல்லாம் போயிருமாம், செண்பகவல்லி படிச்சுப் படிச்சு சொல்லி விட்டிருக்கா. யாரா? தாராவியில எங்க பக்கத்து கோலிக்காரி, அடுத்த ரூமுதான். அவ புருஷன் துபாய்ல இருந்து அனுப்பின கேமரா இது. என்னுது இல்ல. ரோலு மட்டுந்தான் நான் வாங்கிப் போட்டது. கேமராவ நீங்க வச்சுக்கிட்டா செண்பகவல்லிக்கு பதில் சொல்லணும். ரோல உருவிட்டீகன்னா என் வீட்டுல ஒருத்திக்கு பதில் சொல்லணும். ரெண்டாவதுதான் என்னால ஆகாத காரியம்.

உக்காரவா? இருக்கட்டும் சார். சரி, உக்காருதேன். அப்பாடா, என்னா ஏத்தம்! இம்புட்டுப் படி ஏறி வந்தா ஒங்களுக்கெல்லாம் பசி எடுக்கும், எனக்கு மூச்சுல்லா முட்டுது.

நல்ல வேளை, நீங்க தமிழ்க்காரரா இருந்தீக. அந்த வாட்ச்மேன் மராட்டியில கத்துதான். எனக்கு ஹிந்தியே மீனு வாங்குற அளவுக்குத்தான் வரும். நம்பிராஜன் சாப் கிட்ட சலோ சலோன்னான். நம்பிராஜன்னு காதுல விழுந்ததும் போன உசுரு திரும்பி வந்துச்சு. இந்தக் காட்டுக்குள்ள, இகத்புரியெல்லாம் தாண்டி வந்து, ஒரு நம்பிராஜனா! எந்த ஊரு, நாங்குனேரிப் பக்கமா? களக்காடா! அப்பம் நமக்குப் பக்கந்தான், நான் மேலப்பாளையம். சைனப்னு பேரு. இனிமே சார்னு கூப்பிட எனக்கு வாய் வராது, அண்ணாச்சின்னே கூப்பிடுதேன்.

பலகையா? பாத்தேன் அண்ணாச்சி. பொய் சொல்ல மாட்டேன். மராட்டியும் இங்கிலீசும் எனக்கு எங்கன படிக்கத் தெரியும்? கேமரா படம் போட்டிருந்துச்சு. குறுக்க ஒரு கோடு, அது துருப்புடிச்சு, காக்கா எச்சம் விழுந்த மாதிரி கெடக்கு. சரி, படம் எடுக்க நல்ல எடம் இதுதான்னு சர்க்காரே பாத்து பலகை நட்டிருக்குன்னு நெனச்சுட்டேன். சிரிக்காதீக. இல்ல, சிரிங்க, சிரிச்சா கொஞ்சம் நல்லாத்தான் இருக்கு.

எதிரிக்குக் குடுக்கவா? நல்லாக் கேட்டீக. என் பேரக் கேட்டதும் உங்க வாட்ச்மேன் ஒரு பார்வ பாத்தான், அதையும் நான் கண்டேன். போகட்டும், அவன் உத்தியோகம் அது. ஆனா நீங்களே சொல்லுங்க, இந்த அணையக் கொண்டுபோயி நான் யாருக்குக் குடுக்க? எனக்கே ஒரு ஹண்டா தண்ணிக்கு வக்கில்ல. எங்க சால் வரிசை வீட்டுக்கெல்லாம் நள்ளுக் குழாய் ஒண்ணு, குடும்பம் முப்பதுக்கு மேல. விடியக்காலம் எந்திரிச்சு வரிசையில நின்னா நூலு மாதிரி வரும், பாதி ஹண்டா நெறையுததுக்குள்ள பின்னால நிக்கவ முடியப் புடிச்சு இழுப்பா. இங்கன வந்து பாத்தா, யா அல்லா! எம்புட்டுத் தண்ணி! சும்மா கெடக்கு! சண்ட போட ஆளில்லாம கெடக்கு! கொஞ்ச நேரம் வாயத் தொறந்துக்கிட்டு அப்படியே நின்னுட்டேன்.

அழகுன்னா அழகு அண்ணாச்சி. மலையெல்லாம் பச்சைப்பசேல்னு, அங்கங்க அருவி வழிஞ்சுக்கிட்டு. வழியெல்லாம் மஞ்சப் பூவு. ஷட்டரு வழியா விழுத தண்ணியில பொகை மாதிரி எந்திரிச்சு வந்து மூஞ்சியில அடிக்கி. என் முக்காடு நனைஞ்சு போச்சு, நனையட்டும்னு விட்டுட்டேன். கசாரா காட் மலைப்பாதையில பஸ்ஸுல பாதிப்பேரு வாந்தி எடுத்தாக. எடுத்தவுக எல்லாரும் இங்கன எறங்கினதும் பிரியாணி எங்கன்னுதான் கேட்டாக. வருஷா வருஷம் மழை விட்டதும் சால் சனம் சேந்து ஒரு பஸ்ஸு புடிச்சு எங்கனயாவது போறது. போன வருஷம் எலிஃபெண்டா. இந்த வருஷம் அணைக்குப் போவோம்னு சொன்னதே நான்தான்.

என்னது, ஷட்டரப் பாத்தே கேமராவ வச்சிருந்தேன்னு சொல்லுதானா? வாட்ச்மேனா? ஷட்டரு பெருசால்லா இருக்கு, எங்கன திருப்புனாலும் அதுதான் வந்து நிக்கி. நான் என்ன பண்ணட்டும். தண்ணி விழுதத எடுக்கணும்னு ஆச. அம்புட்டுத்தான். தண்ணி விழுதது அணை ஆகுமா? ஆகுமோ? சரி, ஆகும்னே வச்சுக்குவோம். அப்பம் தண்ணியவும் எடுக்கல.

ஆரு? வெளிய நிக்கானா? ஒரு பயலா?

கேமரா அவனோடதுன்னு சொல்லுதானா? எல்லாப் படமும் அவன் எடுத்ததா? அவங்கிட்டக் கேமராவே குடுக்கலையே நான்! இருங்க, சன்னல் வழியா பாக்கேன். நீலச் சட்டை. அவனேதான். திடீர்னு புடிச்ச மழையில நிக்கான், கிறுக்குப்பய. பிரியாணி தேக்சாவத் தூக்கிக்கிட்டு இருந்தவன், கையக்கூடக் கழுவாம ஓடி வந்திருக்கான்.

இல்ல அண்ணாச்சி, அவனப் போலீசுல கீலிசுல சொல்லிறாதீக. அவன் ஒண்ணும் எடுக்கல, அவனுக்கு ஒண்ணும் தெரியாது. நான் சொல்லிருதேன், முழுசாச் சொல்லிருதேன். கதவ மட்டும் கொஞ்சம் சாத்தட்டா? வேண்டாம், தொறந்தே இருக்கட்டும். மெதுவாச் சொல்லுதேன்.

அவன் பேரு நஜிமுதீன். மான்குர்த்ல வீடு, விக்ரோலியில ஃபாக்டரி வேலை. அவன் வாப்பா ஜெயினுலாப்தீனும் எங்க வீட்டுக்காரவுகளும் தோல் யாவாரத்துல பழக்கம். எங்க வீட்டுக்காரவுக தாராவியில பேக் தைக்கிற கார்கானா வச்சிருக்காக, ஜெயினுலாப்தீன் தோலு கொண்டு வந்து போடுவாரு. ரெண்டு பேரும் டீ குடிச்சுக்கிட்டே பேசி, எங்க மக சாயிராவ நஜிமுதீனுக்குன்னு முக்காவாசி முடிச்சுட்டாக. அவன் உம்மாவும் வந்து பொண்ணப் பாத்து, தலையில பூவு வச்சுட்டுப் போயிட்டா. எல்லாருக்கும் சந்தோஷம். சாயிராவத் தவிர.

புடிக்கலைன்னு சொல்லல அண்ணாச்சி. அதச் சொன்னாக்கூட ஒரு வழி பண்ணிறலாம். மூஞ்சியப் பாக்கணுமாம்! பாம்பேல பொறந்தவ, பத்து வரைக்கும் படிச்சவ, கோவம் வந்தா அவளுக்கு தமிழ் வராது. சூரத் தேக்கே பினா நஹீ போலூங்கி, அப்படிங்கா. மூஞ்சியப் பாக்காம வாயத் தொறக்க மாட்டாளாம். அதோட விட்டாளா? எங்க நிக்காஹ்ல பொண்ணுக்காகப் பேசுத வக்கீலும் சாட்சியும் பொம்பளைக இருக்க எடத்துக்கு வந்து பொண்ணுகிட்ட கேப்பாக, இன்னாருக்கு உன்ன நிக்காஹ் பண்ணித் தாரோம், சம்மதமாம்மான்னு. எந்தப் பொண்ணு பதில் சொல்லிருக்கா? சும்மா இருந்தாலும் சம்மதம், சிரிச்சாலும் சம்மதம், அழுதாலும் சம்மதம். இவ சொல்லுதா, உம்மா, அன்னைக்கு அத்தன பேரு முன்னால சத்தமா இல்லைன்னு சொல்லுவேன்னு. சொல்லுவா அண்ணாச்சி. செய்யக்கூடியவதான். அவ வாப்பா தல தாராவியில அதுக்கப்புறம் நிமிராது.

போட்டோ கேட்டு வாங்கலாம்ல, அதான? மாப்ள வீட்டுல பொண்ணு போட்டோ கேட்டா அது வழக்கம். பொண்ணு வீட்டுல மாப்ள போட்டோ கேட்டா, ஓகோ அப்படிப்பட்ட பொண்ணான்னு அன்னைக்கே முறிஞ்சு போயிரும். எங்க வீட்டுக்காரவுககிட்டக் கேட்டேன். நான் பாத்துட்டேன், போதாதான்னாக. அவுகளா வாழப்போறாக?

ஒரு நா அவளக் கூட்டிக்கிட்டு டாக்டரு வீட்டுக்குன்னு சொல்லி விக்ரோலிக்கே போனேன். ஃபாக்டரி கேட்டுக்கு எதுத்தாப்புல பஸ் ஸ்டாப்புல நின்னோம். ஷிஃப்ட் விட்டு வருவான், நீலச் சட்டைன்னு தகவலு. அன்னைக்கு அவனுக்கு ஷிஃப்ட் மாறிப் போச்சு, எங்களுக்கு எப்படித் தெரியும்? நீலச் சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தன் வந்தான் பாருங்க. சொட்டைத் தலை, வயிறு இங்கன வரைக்கும், கையில ரெண்டு கத்திரிக்காப் பை. சாயிரா பாத்தா. திரும்பி என்னையப் பாத்தா. வீட்டுக்கு வந்து சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவதான், ரெண்டு நா சோறு தண்ணி இல்ல. பொறவு விசாரிச்சு, அது அவன் இல்லடீன்னு நானும் சொல்லாத சத்தியம் இல்ல, நம்பணும்லா?

அதான் இந்தப் பிக்னிக்கு. மாப்ள வீட்டாரையும் கூப்பிடுவோம், பழகுன மாதிரி இருக்கும்னு எங்க வீட்டுக்காரவுககிட்ட நைசாச் சொன்னேன். மாப்ள வாரதால சாயிரா வரக்கூடாது, வீட்டுல இருக்கா. கேமராதான் அவ கண்ணு. செண்பகவல்லி எப்படி அமுக்கணும்னு சொல்லிக் குடுத்தா. யாரும் சந்தேகப்படக் கூடாதுன்னு, அட எம்புட்டுத் தண்ணி, அட எம்புட்டுப் பெரிய ஷட்டருன்னு சத்தமாச் சொல்லிக்கிட்டே அமுக்குனேன். அவன் எங்கன நிக்கானோ அங்கனதான் எனக்கு அணை. அவன் தேக்சா தூக்குதது, அவன் காதக் கொடயுதது, அவன் தும்முதது. பாதியில முதுகுதான் வந்திருக்கும். ஒரே ஒரு தடவ நேராப் பாத்தான், அப்பம்தான் உங்க வாட்ச்மேன் வந்து என் கையப் புடிச்சான்.

அவனுக்குத் தெரியுமான்னா... தெரியாதுன்னுதான் நெனச்சேன். ஆனா நேராப் பாத்தப்பம் சட்டைய இழுத்து விட்டுக்கிட்டான், தலையவும் ஒரு தடவ தடவிக்கிட்டான். இப்பம் பாத்தா எனக்காகப் பொய் சொல்லிக்கிட்டு மழையில நிக்கான். சாயிராகிட்டப் போயி இதச் சொன்னா எளகிருவாதான். இருந்தாலும் மூஞ்சி மூஞ்சிதான அண்ணாச்சி. நான் சொல்லி அவ கேக்குறது வேற, அவ கண்ணால பாக்குறது வேற. அவளே பாத்து, அவளே சரின்னு சொல்லட்டும். இல்லைன்னா அதையும் இப்பமே சொல்லட்டும், சபையில வேண்டாம்.

நீங்களே கழுவிப் பாருங்க, ஒரு படத்துல அணை உருப்படியா இருந்துச்சுன்னா என்ன எந்த ஜெயில்ல வேணும்னாலும் போடுங்க.

குடுத்துட்டீகளா? நெசமாவா! நல்லா இருப்பீக அண்ணாச்சி. ஒங்க பிள்ளைக நல்லா இருக்கும். இல்ல இல்ல, இனி எடுக்க மாட்டேன், பைக்குள்ள போட்டுட்டேன், பாத்தீகளா? கல்யாணம் கூடுச்சுன்னா முத பத்திரிக்க ஒங்களுக்குத்தான், இந்த அணைக்கே தபால்ல வரும். வெளிய அந்த நீலச் சட்டையவும் போகச் சொல்லிருங்க, பாவம், சளி புடிச்சிரும்.

அந்தா, கொடையப் புடிச்சுக்கிட்டு ஏறி வாராகள்லா, எங்க வீட்டுக்காரவுகதான். நான் நனஞ்சிருவேன்னு வாராக. அவுக காதுல ஒண்ணும் போட்டுறாதீக, கேமரா கீழ விழுந்துச்சு எடுத்துக் குடுத்தீகன்னு சொல்லிக்கிடுதேன்.

என்ன கேட்டீக? நானா?

என் நிக்காஹ்லயா! இது என்ன அண்ணாச்சி, கெளம்புற நேரத்துல. நான் என்னத்தச் சொன்னேன். பதினாறு வயசு. பொம்பளைக மத்தியில முக்காட்டப் போட்டு உக்கார வச்சிருந்தாக. வக்கீலு வந்து சம்மதமாம்மான்னாரு. நான் அவரு காலத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். எங்க உம்மா பின்னால இருந்து என் பொடதியில கைய வச்சு அமுக்குனா. தல குனிஞ்சிருச்சு. பொண்ணு தலைய ஆட்டிட்டான்னு எல்லாரும் சந்தோஷமா எந்திரிச்சுப் போயிட்டாக. நான் ஆட்டல அண்ணாச்சி. இன்னைக்கு வரைக்கும் நான் சரின்னு சொல்லல.

அவுக தங்கமான மனுஷன். ஒரு கொற சொல்ல முடியாது. இந்தா, மூச்சு எறைக்க எறைக்க கொடையத் தூக்கிக்கிட்டு வாராக பாருங்க. இப்பம் வந்து கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவேன். ஆனா யாராவது கேக்கணும்லா.