எல்லா நாளும் செவ்வாய்

நான் நன்றாகத் தூங்குகிறேன், நர்ஸம்மா. முடியாதவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு முதலில் தூக்கம்தான் கெடும் என்றீர்கள். எனக்குக் கெடவில்லை.

என் கணவர் எக்கோவ் படகுக்காரர். நான் மூத்த மனைவி. இளையவள் மான்சாவுக்குப் பக்கத்து ஊரில் வீடு. பக்கவாதம் வந்தபோது அவர் என் வீட்டில் இருந்தார், அதனால் நானே பார்த்தேன். புளித்த சோளமாவில் அவித்த கெங்கேயைக் கரைத்து ஊட்டினேன். கை கால் நீவிவிட்டேன். மழை தொடங்கியபோது எழுந்து நடந்தார். நடந்ததும் சொன்னார்:

"இந்த மீன்பிடித் தடைக்காலம் முடியட்டும் அராபா. படகு கடல்ல இறங்குற அன்னைக்கு நான் மான்சா வீட்டுக்குப் போயிடுறேன். உனக்கும் ஓய்வு வேணுமில்ல."

எனக்கு ஓய்வு வேண்டியிருக்கவில்லை.

எங்கள் கரையில் செவ்வாய்க்கிழமை யாரும் மீனுக்குப் போவதில்லை. அது கடல் இளைப்பாறும் நாள். படகுகள் கரையில் வரிசையாக நின்றால் செவ்வாய். எக்கோவ் சிறுவயதிலிருந்து அப்படித்தான் கிழமை பார்ப்பார். தடைக்காலத்தில் படகுகள் தினமும் நிற்கும். ஒரு காலையில் கிழமை கேட்டார். ஜன்னலைத் திறந்து காட்டினேன்.

"செவ்வாய்."

"நேத்தும் படகு நின்னுச்சே?"

"நேத்து திங்கள். படகு போச்சு. நீங்கதானே பாத்தீங்க."

"தடைக்காலத்துல எப்படிம்மா போகும்?"

"தடைக்காலம் அடுத்த மாசம்ங்க."

வெகுநேரம் படகுகளைப் பார்த்தார். "அப்படியா," என்றார். மறுநாளும் அதையே சொன்னேன். அதற்கடுத்த நாளும்.

ரேடியோவில் பேட்டரியை எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைத் தேவாலய மணிதான் தொல்லை. சாவு மணி என்றேன். யார் என்று கேட்டார். ஒவ்வொரு ஞாயிறும் அவருடைய கூட்டாளி ஒருவரைச் சொன்னேன். நன்றாக அழுதார். அழுதால் நெஞ்சுக்கு நல்லது.

அப்படி இறந்துபோன ஃபீஃபி ஒரு நாள் பொரித்த மீனோடு வந்து நின்றார். எக்கோவ் கட்டிலுக்கு அடியில் போய்விட்டார்.

"என்னடா, என்னைப் பாத்தா பேய் மாதிரியா இருக்கு?"

"உனக்காக அழுது முடிச்சாச்சுடா. ஏன் திரும்பி வந்தே?"

ஃபீஃபி மீனை வைத்துவிட்டுப் போய் ஊரெல்லாம் சொன்னார். மான்சா வந்தாள். வாசலைத் தாண்டவில்லை.

"நீயே வச்சுப் பாத்துக்கோக்கா. எனக்கு இதெல்லாம் வராது."

மீனை அவளிடம் கொடுத்தனுப்பினேன்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். "இன்னைக்கு என்ன கிழமை, பெரியவரே?" என்று கேட்டீர்கள். செவ்வாய் என்றார். அன்று வெள்ளி. இவருக்கு நினைவு தப்புகிறது என்றீர்கள். என் தோளைத் தொட்டு, என்னைப் போல ஒருத்தி கிடைக்க வேண்டுமே என்றீர்கள். கிடைக்க மாட்டாள்தான்.

இப்போது தடைக்காலம் முடிந்து படகுகள் போகின்றன. இனி பயமில்லை என்று நானே சரியான கிழமையைச் சொல்லிப் பார்த்தேன். அவருக்குச் செவ்வாய்தான். தடம் தெரியாத கடலைப் பார்ப்பதுபோல வாசலைப் பார்க்கிறார். அது நான் செய்ததல்ல. வயது.

என்னைக் கேட்டால், அவர் இங்கே சந்தோஷமாகத்தான் இருக்கிறார். நேற்று ஊட்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மான்சா, அந்த அராபா தேடி வந்தா நான் இங்க இல்லைன்னு சொல்லிடு."

சொல்லிவிடுகிறேன் என்றேன். வேறு யாரிடமும் அவர் இப்படி மனம்விட்டுப் பேசுவதில்லை.