ஒரே சிப்பு, மூன்று கார்டு, என் தங்கையின் காது

அவையை ஆளும் தலைவர் அவர்களே! நம் கணினித் தொழில் சங்கத்தைத் தோளில் சுமந்த சான்றோர்களே! ஒரு ஸ்க்ரூ குறைந்தாலும் சோறு இறங்காத என் சக தொழிலாளர்களே! வீட்டு மேசையெல்லாம் ஒயராகக் கிடந்தும் எங்களைப் பொறுத்துக்கொள்ளும் தாய்மார்களே! தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

"எல்லாம் ஒரே சிப்புதானே, எந்தக் கம்பெனி கிராபிக்ஸ் கார்டு வாங்கினா என்ன?" என்று கேட்காத வாடிக்கையாளர் உண்டா? அதோ, பின்வரிசையில் ஒருவர் கை தூக்குகிறார். அண்ணே, இறக்குங்கள், உங்களை எனக்குத் தெரியும்!

கணினியில் படத்தை உருவாக்கும் சிப்பு ஒன்றுதான், ஐயா! அதைக் குளிர்விக்கும் உலோகம் ஒன்றா? சுழலும் விசிறி ஒன்றா? மின்சாரம் ஊட்டும் பாகங்கள் ஒன்றா? நீளம் ஒன்றா, உத்தரவாதம் ஒன்றா? இத்தனையும் தெரிந்த நான்தான், சபையோரே, கூடப் பிறந்த தங்கை விஷயத்திலேயே கோட்டை விட்டேன்.

என் தங்கை, பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்பவள். மாப்பிள்ளை அனிமேஷன் படம் செய்பவர். இருவருக்கும் ஒரே அறை, ஒரே கணினி. அவள் வாசிக்க வாசிக்க, அவர் படம் பின்னால் உருவாகிக்கொண்டிருக்கும். நான் என்ன செய்தேன்? பெட்டியில் அச்சடித்த வேகத்தைப் பார்த்து, இருப்பதிலேயே பெரிய எண் போட்ட கார்டை எடுத்து மாட்டினேன். கடையில் ஓட்டியும் பார்த்தேன். சத்தமே இல்லை! எப்படிக் கேட்கும்? வாசலில் பஸ், பக்கத்தில் லேத்துப் பட்டறை! யானை பிளிறினாலும் கேட்காத கடை, ஐயா, எங்கள் கடை!

மூன்றாம் வாரம் தங்கை அழைத்தாள். "அண்ணா, பள்ளிக்கூடத்துலேர்ந்து பதிவெல்லாம் திரும்பி வந்துடுச்சு. பின்னாடி ஏதோ உய்யுன்னு கேக்குதாம். இன்னொரு தடவை இப்படி வந்தா வேற ஆளைப் பார்த்துக்கறாங்களாம். அந்தப் பிள்ளைங்க என் குரலுக்குப் பழகிட்டாங்கண்ணா..." அழுதேவிட்டாள். அது நான் மாட்டிய கார்டின் விசிறிச் சத்தம்!

ஓடினேன்! அதே சிப்பு கொண்ட, வேறு இரண்டு கம்பெனிக் கார்டுகளை அள்ளிக்கொண்டு ஓடினேன்! கதவைச் சாத்தி, ஒவ்வொன்றாக மாட்டினேன். தங்கை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பழையது இரைந்தது. இரண்டாவது கீச்சிட்டது. மூன்றாவதை மாட்டி ஓடவிட்டேன். "என்னண்ணா, இன்னும் ஆன் பண்ணலையா?" என்றாள். முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்தது, ஐயா, முழு மூச்சில்!

விளக்கில்லை, வண்ணமில்லை, வீண் பகட்டில்லை. கனத்த உலோகம், அகன்ற விசிறி, அவசரமில்லாத சுழற்சி. வேகத்தில் குறைந்தது நூற்றுக்கு இரண்டுதான். நிலைத்தது என் தங்கையின் வேலை. பெட்டியைப் படித்தவன் நான், கார்டைப் படித்தவள் அவள்! என்ன வேலைக்கு, எந்த அறைக்கு என்று கேட்காமல் இன்று எங்கள் கடையில் எவரும் கார்டை எடுத்து வைப்பதில்லை.

விழாத் தொடக்கத்தில் ஒலிபெருக்கியில் வரவேற்புரை கேட்டீர்களே, அது அவள் குரல்! அதே அறையில், அதே கார்டு ஓட ஓடப் பதிவானது. நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், அந்தக் குரலுக்குப் பின்னால் ஏதாவது கேட்டதா?

"இல்ல! இல்ல!" என்கிறீர்கள். போதும்! இந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன்! கைதட்டலை முன்வரிசையில் முகத்தை மூடிக்கொண்டிருக்கும் என் தங்கைக்குக் கொடுங்கள். இவ்வளவு நேரம் காது கொடுத்த உங்களுக்கு என் நன்றி, வணக்கம்!