செத்ததாக எழுதிய தவளைகள்

இந்த அறையில் கால் ஆடாத நாற்காலி இது ஒன்றுதான். பார்த்து எனக்கே கொடுத்திருக்கிறீர்கள், நன்றி. மற்ற நாற்காலிகளின் காலுக்கு அட்டை மடித்து வைத்தே இருபத்தாறு வருடம் ஓட்டியவன் நான். தண்ணீர் வேண்டாம் ஐயா, வீட்டில் காபி குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாகவே இந்த விசாரணைக் குழு முன்னால் வந்தேன் என்பதை மட்டும் குறிப்பெடுக்கிற அம்மா முதல் வரியில் எழுதிக்கொண்டால் நல்லது.

ஆய்வுக்கூடத்தில் தவளைகள் என் பொறுப்பு. முட்டை எடுப்பது, அதைக் கருவுறச் செய்வது, முட்டையைச் சுற்றியிருக்கும் கொழகொழப்பை நீக்குவது எல்லாம் என் கைவேலை. அந்தக் கொழகொழப்பைக் கரைக்கும் திரவத்தின் நாற்றம் மூக்கைத் துளைக்கும். அதில் ஐந்து நிமிடம் வைத்தால் முட்டை பளிச்சென்று வரும். பதினைந்து நிமிடம் வைத்தால் மறுநாள் காலை வெளுத்துச் செத்துக் கிடக்கும். என் குற்றம் அந்தப் பத்து நிமிடம்தான்.

ஆராய்ச்சி செய்யும் அந்தப் பெண் இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. என்னை அண்ணா என்பாள். அவளுக்கு முன் பன்னிரண்டு பேர் இங்கே டாக்டர் பட்டம் வாங்கிப் போனார்கள். எல்லாரும் ஆய்வேட்டின் நன்றியுரையில் எனக்கு ஒரு வரி கொடுத்தார்கள், குளிர்பெட்டி ரிப்பேர் செய்தவருக்கு அடுத்த வரி. பிறகு ஒரு போன் கிடையாது. இவள் அப்படியில்லை. முதல் வாரமே நுண்ணோக்கியை என் பக்கம் தள்ளி, "நீங்க பாருங்கண்ணா, உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டாள். இருபத்தாறு வருடத்தில் எனக்கு என்ன தோன்றுகிறது என்று யாரும் கேட்டதில்லை, என் மனைவி உட்பட.

அவள் ஆராய்ச்சியும் அவளே சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. தவளை முட்டை அரை நாளில், உள்ளே வெற்றிடம் உள்ள ஒரு பந்தாகிவிடும். பந்தின் உட்கூரையில் ஃபைப்ரோநெக்டின் என்ற புரதம் வலை மாதிரிப் படியும். உள்ளே நுழையும் செல்கள் அந்த வலையைப் பிடித்துக்கொண்டுதான் ஊர்ந்து போகும். போனால்தான் தலை எங்கே, வால் எங்கே, குடல் எங்கே என்று ஒழுங்குபடும். வலையை மறைத்துவிட்டால் செல்கள் நுழைந்த இடத்திலேயே திகைத்து நிற்கும். உயிர் இருக்கும், உருவம் வராது. இதை நிரூபிக்க ஒரு தட்டு முட்டைக்குப் புரதத்தை மறைக்கும் மருந்தை ஊசியில் போடுவாள், இன்னொரு தட்டுக்கு வெறும் உப்புநீர். உப்புநீர்த் தட்டு நன்றாக வளர வேண்டும். அதுவும் செத்தால் குற்றம் மருந்தினுடையதா ஊசியினுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. சோதனை குப்பைக்குப் போகும்.

அந்த ஒரு சோதனைதான் அவளுக்குப் பாக்கி இருந்தது. அப்போதுதான் அவள் கணவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்து, இரண்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு முன்னால் போனார். "ஆறே மாசம்ண்ணா, முடிச்சிட்டு நானும் ஓடிடுவேன்" என்றாள். அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு கை முட்டையைத் தனியாகப் பதினைந்து நிமிடம் திரவத்தில் விட்டுவிடுவேன். காலை ஆறரைக்கு வந்து, அவளுடைய உப்புநீர்த் தட்டை எடுத்துவிட்டு இந்தச் செத்த தட்டை வைப்பேன். ஒன்பது மணிக்கு அவள் வந்து பார்ப்பாள். நோட்டில் எழுதுவாள். நான் டீ வாங்கிவந்து பக்கத்தில் உட்கார்ந்து, என்ன தப்பு நடந்திருக்கும் என்று அவளோடு சேர்ந்து யோசிப்பேன். உப்பை மாற்றினோம், ஊசியை மாற்றினோம், தண்ணீரைக்கூட மாற்றினோம். மூன்று வருடம். என் வாழ்க்கையில் அவ்வளவு சுவாரசியமாக நான் பேசியதில்லை. அவள் மகளும் போனில் வளர்ந்தாள். குழந்தைகள் போனில் அழகாகத்தான் தெரிகிறார்கள்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை ஐயா. எடுத்த தட்டை அப்படியே கொட்டிவிட்டுப் போயிருக்கலாம். மனசு கேட்கவில்லை. ஸ்டோர் ரூமில் பழைய ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தொட்டி வைத்து எல்லாவற்றையும் வளர்த்தேன். மூன்று வருடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு தவளைகள். ஒன்றுகூட நோயில் விழவில்லை.

போன மார்ச்சில் பாட்டில் எடுக்க உள்ளே வந்தவளுக்கு டிக் டிக் என்று சத்தம் கேட்டிருக்கிறது. ஆண் தவளைகள் தண்ணீருக்கடியில் அப்படித்தான் கூப்பிடும். இவளுடைய ஆராய்ச்சிக்கென்று வரவழைத்த தவளை ஜாதி நீல விளக்கில் பச்சையாக மின்னும், அந்த ஜாதி இந்தக் கட்டடத்தில் வேறு யாரிடமும் கிடையாது. விளக்கை அடித்தாள். தொட்டி மொத்தமும் பச்சை. நான் உள்ளே போனபோது தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணா, இதெல்லாம் நான் செத்துப்போச்சுன்னு எழுதினதுங்களா?"

"ஆமாம்மா. எல்லாம் நல்லா சாப்பிடுதுங்க."

"மூணு வருஷம்ண்ணா."

தரை சில்லென்று இருக்கும், எழுந்திரு என்றேன். அவள் வெகுநேரம் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, "நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்க என் முட்டையைத் தொடாதீங்க, அது போதும்" என்றாள். அதோடு சரி. தவளைக் கூடத்துக்குப் பூட்டு போட்டு, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கொழகொழப்பை நீக்குவது முதல் எல்லாம் தானே செய்தாள். உப்புநீர்த் தட்டு ஜம்மென்று வளர்ந்தது, மருந்துத் தட்டு உருண்டையாக நின்றது. நான்கு முறை செய்தாள், நான்கு முறையும் அப்படியே. அடுத்த வாரம் ஆய்வேட்டைக் கொடுக்கிறாள். மார்ச்சுக்குப் பிறகு என்னிடம் அவள் பேசியது "வணக்கம்" மட்டும்தான்.

அந்த நான்கு சோதனையையும் நான் தொட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். எப்படித் தொட்டேன் என்கிறீர்களா? பூட்டு இருந்தது உண்மைதான், சாவி அவள் கழுத்தில் இருந்ததும் உண்மைதான். இருந்தாலும் இருபத்தாறு வருடம் இந்தக் கட்டடத்தில் இருப்பவன் தொட்டேன் என்று சொன்னால், தொடவில்லை என்று யாரால் அடித்துச் சொல்ல முடியும்? வேறு கை பட்ட சோதனை செல்லாது என்று விதி இருக்கிறது. நான் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். முதலிலிருந்து செய்ய அவளுக்கு இரண்டு வருடமாவது ஆகும். என் வேலை போகும், தெரியும். என் வீடு பக்கத்துத் தெருதான், சந்தேகம் வந்தால் அவள் வந்து கேட்கலாம்.

மார்ச்சிலேயே வந்து சொல்லாமல் இன்றைக்கு ஏன் வந்தேன் என்று அம்மா கேட்கிறார்கள். மனசாட்சிதான் அம்மா, வேறென்ன. நேற்று மத்தியானம்தான் அவள் விமான டிக்கெட் எடுத்தாள்.