கட்டைவிரலின் அடியில் காத்திருந்த தசை

கையில் கடிகாரத்தையும் கண்ணில் கண்டிப்பையும் வைத்துக்கொண்டு அவைக்குத் தலைமை தாங்கும் எங்கள் கண்ணாடித் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் அவர்களே, முன்வரிசை முழுவதையும் முந்திக்கொண்டு பிடித்துவிட்ட மூத்தோர்களே, எங்களைப் பெற்ற பாவத்துக்கு எங்கள் பேச்சையும் பொறுத்துக்கொள்ளும் தாய்மார்களே, கதவோரம் சாய்ந்து நின்று கைதட்டக் காத்திருக்கும் தம்பிமார்களே, அனைவருக்கும் அன்பு கனிந்த வணக்கம்.

"பாதுகாப்பைப் பத்தி அஞ்சு நிமிஷம் பேசு" என்றார் தலைவர். கையுறை போடுங்கள். பாதுகாப்பு முடிந்துவிட்டது. மீதி நேரத்தில் தசையைப் பற்றிப் பேசப் போகிறேன்.

பத்தொன்பது ஆண்டுகள் கண்ணாடி அறுத்தவன் நான். வைரமுனையால் ஒரு கோடு, விரலால் ஒரு தட்டு, கண்ணாடி கச்சிதமாகப் பிரியும். அந்தத் திமிரில் ஒருநாள் முழங்கை வரை வரும் கையுறையைக் கழற்றி வைத்தேன். மேசையிலிருந்து ஆளுயரக் கண்ணாடி ஒன்று சரிந்தது. பிடிக்கப் போனேன், முன்கையின் நடுவே அறுத்துவிட்டது. துண்டான நரம்பை மருத்துவர் தைத்தார், காயமும் ஆறியது. ஆனால் வலது கட்டைவிரல் சுண்டுவிரலை நோக்கி வர மறுத்தது. பொத்தான் போட முடியவில்லை, கரண்டி பிடிக்க முடியவில்லை. கட்டைவிரலின் அடியிலிருந்த சதைமேடு குழி விழுந்து போனது.

"தச்சாச்சே டாக்டர், இன்னும் ஏன் அசையல?" என்று கேட்டேன்.

"தசை உயிரோடதான் இருக்கு. அதுக்கு உத்தரவுதான் வரல" என்றார் அந்த அம்மையார். மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் வரைந்து காட்டினார். அவையோரே, அன்று நான் வாய் பிளந்தவன், இன்னும் மூடவில்லை.

உடம்பின் மற்றச் செல்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஓர் உட்கரு. தசைச் செல்லுக்கோ நூற்றுக்கணக்கில். ஏன்? அது நூலாக நீண்ட செல், தொடையில் ஒரு சாண் நீளத்துக்கும் உண்டு. அந்த நூலுக்குள் நூல்கள், அந்த நூல்களுக்குள் தடித்த இழைகளும் மெல்லிய இழைகளும் அடுக்கடுக்காக. நரம்பின் உத்தரவு வந்ததும் உள்ளே பூட்டி வைத்த கால்சியம் பாய்ந்து வருகிறது. உடனே தடித்த இழையின் தலைகள் மெல்லிய இழையைப் பற்றுகின்றன, இழுக்கின்றன, விடுகின்றன, மறுபடி பற்றுகின்றன. கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுக்கிறோமே, அப்படி. எந்த இழையும் சுருங்குவதில்லை ஐயா, ஒன்றையொன்று வழுக்கிக் கடக்கின்றன, செல் சுருங்குகிறது. பற்றி இழுக்க மட்டுமா சக்தி வேண்டும்? பற்றியதை விடுவதற்கும் சக்தி வேண்டும். இத்தனையும் கண் இமைக்கும் நேரத்தில் நடக்கிறது.

பின்னாலிருந்து ஓர் அண்ணன், "அப்போ என் தொப்பையும் தசைதானா?" என்கிறார். இல்லை அண்ணே, அது வேறு சங்கம்.

"அறுந்த இடத்துலேர்ந்து நரம்பு புதுசா வளரணும், ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்" என்றார் மருத்துவர்.

"அதுவரைக்கும் தசை காத்திருக்குமா?"

"ஒரு வருஷம், மிஞ்சிப்போனா ஒன்றரை வருஷம். அப்புறம் கொழுப்பும் தழும்புமா மாறிடும். உத்தரவு வந்தாலும் கேக்காது."

வளரும் முனையின் மேல் தட்டினால் விரலில் சுர்ரென்று இழுக்கும் என்றும் சொல்லி அனுப்பினார். என் துணைவியார் தையல் தொழிலாளி. அதோ, மூன்றாம் வரிசையில் முறைக்கிறாரே, அவர்தான். ஞாயிறுதோறும் நான் கண்ணை மூடிக்கொள்வேன். அவர் தட்டுவார். சுர்ரென்றதும் சொல்வேன், அங்கே பேனாவால் புள்ளி வைத்து நாடாவால் அளப்பார். மாதம் ஓர் அங்குலம் நகர்ந்தது.

ஆறாம் மாதம் ஒருநாள் நானே தட்டிப் பார்த்தேன். கடைசிப் புள்ளியில் ஒன்றுமில்லை. அதற்கு முந்தியதிலும் இல்லை. மூன்று புள்ளிகளுக்குப் பின்னால்தான் சுர்ரென்றது.

"என்னையே ஏமாத்துறியா?" என்று துணைவியாரிடம் கேட்டேன்.

"மணிக்கட்டுக்கிட்ட மூணு வாரமா நகரவே இல்ல. நீங்க ஏற்கெனவே சரியாச் சாப்பிடுறதில்ல. அதான் புள்ளியைத் தள்ளித் தள்ளி வச்சேன். நான் வேற என்ன செய்யட்டும்?"

இரண்டு நாள் அவரிடம் கையை நீட்டவே இல்லை. கோபம் என்று நினைத்தார். கோபமல்ல, தாய்மார்களே, பயம். நரம்பு நின்றுபோனால் என் கை அவ்வளவுதான்.

பிறகு அது மெல்ல நகர்ந்தது. தினமும் அவர் என் கட்டைவிரலை மடக்கிப் பழக்குவார், நான் மனத்தால் உத்தரவிடுவேன். ஒன்பதாம் மாதம் ஒரு காலை, அவர் கை சட்டென்று நின்றது.

"ஏதோ துடிச்சுது" என்றார்.

"பொய் சொல்லாதே."

"என்னை நம்ப வேணாம். நீங்களே தொட்டுப் பாருங்க."

இடது விரலை அந்தக் குழியில் வைத்தேன். வா என்று வலக்கைக்கு உத்தரவிட்டேன். தோலுக்கு அடியில், ஓர் எள்ளளவு, துடித்தது. விரல் அசையவில்லை, வெறும் துடிப்புதான். ஒன்பது மாதம் ஒரு சொல்கூட வராமல், மெலிந்து, சுருண்டு, ஆனாலும் இழைகளைக் கலைக்காமல் காத்திருந்த செல்கள், முதல் உத்தரவுக்கே எழுந்து நின்றன. நான் அழுதேன். அவரும் அழுதார். மறைக்க என்ன இருக்கிறது?

அவையோரே, எல்லோரும் இடது விரலை வலது கட்டைவிரலின் அடியில் வையுங்கள். தலைவரே, நீங்களும்தான். இப்போது கட்டைவிரலைச் சுண்டுவிரலிடம் கொண்டுபோங்கள். மெதுவாக.

விரலடியில் எழுகிறதே, தெரிகிறதா? நீங்கள் பிறக்கும் முன்பே வேலைக்கு வந்தவை அவை. ஒருநாளும் நீங்கள் நன்றி சொன்னதில்லை. எனக்கு முன்னால் இந்த மண்டபம் முழுக்க எத்தனை கோடித் தசைச் செல்கள் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கின்றன!

பேச வாய்ப்பளித்த சங்கத்துக்கு நன்றி. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. உங்கள் தோலுக்கு அடியில் இப்போது எழுந்து நிற்பவர்களுக்கு, என் தலை தாழ்ந்த வணக்கம்.