கடைசி வணக்கத்துக்குச் சத்தம் கூட்டுங்கள், அப்பா

என் நடுக்கத்தையும் பொறுத்துக்கொண்டு தலைமையேற்றிருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, சொல்லித் தந்த ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசைப் பெரியோர்களே, மடியில் பிள்ளையும் மனத்தில் வீட்டுக் கவலையுமாக வந்திருக்கும் தாய்மார்களே, கிசுகிசுக்கும் தோழிகளே, மேடையோரம் கருப்புப் பெட்டிக்குப் பின்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் மைக்செட்காரரே! அனைவருக்கும் வணக்கம்.

மைக்செட்காரருக்குத் தனி வணக்கமா என்று சிரிக்கிறீர்கள். அவர் என் அப்பா.

'மறக்க முடியாத நாட்கள்' என்பது எனக்குத் தந்த தலைப்பு. என் நாட்களெல்லாம் ஒலிபெருக்கிகளின் நடுவே ஓடியவை. பள்ளிக்கூடம் போகும் முன்பே மேடை ஏறியவள் நான். கூட்டம் வருவதற்கு முன் அப்பா என்னை நாற்காலிமேல் நிறுத்துவார்.

"பேசு பாப்பா. யாரும் இல்ல, தைரியமா பேசு."

"என்னப்பா பேச?"

"உங்கம்மா என்னைத் திட்டுறதைப் பேசு. அது எந்த மூலைக்கும் கேக்கும்."

சுருட்டிய ஒயர்மேல் போர்வை விரித்துத் தூங்கினேனே, அந்தத் தூக்கம் இனி எந்தக் கட்டிலில் வரும்? அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பேச்சு பிடித்துவிட்டால், பேசியவரின் கடைசி வணக்கத்துக்கு மட்டும் சத்தத்தை ஒரு சிட்டிகை கூட்டுவார். பிடிக்காவிட்டால், அமைச்சரே ஆனாலும் கூட்டமாட்டார்!

அந்த நாட்கள் எங்கே போயின? போன ஆண்டு அப்பாவுக்குச் சிறுநீரில் இரத்தம் வந்தது. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயில் புற்றுநோய். பாதை அடைத்தது, சிறுநீரகம் வீங்கியது, காய்ச்சல் கொதித்தது. அறுவை சிகிச்சை வரை தாங்குவதற்காக, அடைப்பைத் தாண்டி ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழாயை உள்ளே வைத்தார்கள். அப்பா நினைவில்லாமல் கிடந்ததால் சரி என்று தலையாட்டியவர் அம்மா. பிறகு அந்தப் பக்கத்துச் சிறுநீரகத்தையும் புற்றுநோய் வந்த குழாயையும் எடுத்தார்கள். பிழைத்தார் அப்பா!

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "இது சிறுநீர்ப்பையில திரும்ப வரலாம். ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு அந்த வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்னு சில ஆய்வுகள் சொல்லுது. உறுதியாச் சொல்ல முடியாது. அதனால மூணு மாசத்துக்கு ஒருதடவை சின்னக் குழாய் வழியா கேமரா விட்டுப் பாத்தே ஆகணும்."

அப்பா காதில் பாதிதான் விழுந்தது.

"பாத்தியா? குழாய் வெக்கச் சொன்னது நீதான்" என்றார் அம்மாவிடம். "மறுபடியும் குழாயா? ஆளை விடுங்க!"

அன்று முதல் அம்மா வாய் திறந்தால் அப்பா ரேடியோவைக் கூட்டுகிறார். பரிசோதனை நாள் வந்தது, போனது. அம்மா அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறார்.

அப்பா, அந்தக் குழாய் இல்லாவிட்டால் அந்தக் காய்ச்சல் உங்களை விட்டிருக்குமா? குழாயா குற்றம்? தலையாட்டிய அம்மாவா குற்றம்? உங்களை எங்களுக்குத் திருப்பித் தந்த குழாய் அது. பதிலுக்குக் கேட்பது என்ன? வந்து பார்த்துக்கொள் என்பதுதானே! மறுபடி முளைத்தால் முளையிலேயே தெரியட்டும், முளையிலேயே எடுக்கட்டும்.

தாய்மார்களே, நான் கேட்பது தவறா? இல்லை என்கிறீர்கள். கேட்டதா அப்பா?

வீட்டில் உங்களுக்கு ரேடியோ இருக்கிறது. இங்கே என் குரல்தான் உங்கள் பெட்டிக்குள் போகிறது. நினைத்தால் அணைத்துவிடலாம். ஆனால் பேசுகிறவரைப் பாதியில் நீங்கள் அணைத்ததே இல்லை. அந்தத் தைரியத்தில்தான் வந்தேன். வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல், பயந்து பயந்து எழுதினேன். திட்டுவீர்கள் என்ற பயம் கொஞ்சம். ஒருநாள் அந்தப் பெட்டிக்குப் பின்னால் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்களோ என்ற பயம்தான் மீதியெல்லாம்.

திங்கட்கிழமை பரிசோதனைக்கு மறுபடி நாள் தந்திருக்கிறார்கள். அம்மாவும் நானும் கூட வருகிறோம். நீங்கள் வருவதென்றால் என் கடைசி வணக்கத்துக்குச் சத்தம் கூட்டுங்கள். வரமாட்டீர்கள் என்றால் வேண்டாம், என் பேச்சு சுமார் என்று ஊர் நினைத்துக்கொள்ளட்டும்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி.

அப்பா, சொல்லப் போகிறேன்.

வணக்கம்!