சலஞ்சருக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படம்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்கிறேன், ஏனென்றால் எஞ்சினை யார் முடுக்கியது என்று பொலிஸ்காரர் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். முடுக்கியவர் றஞ்சித். என் கணவர். காரின் திறப்பு, சாவி, அவரிடம்தான் இருந்தது. நான் கதவுக்கு வெளியே வெயிலில் நின்றேன்.

நான் சொல்வதை யோசப்பீன் அக்கா உங்களுக்கு இத்தாலியனில் சொல்கிறார். புனித சாந்தா ரொசாலியாவின் மலைக்கோயிலுக்கு ஏறும்போது அவரைப் பலமுறை கண்டிருக்கிறேன். நல்லவர். இப்போது என் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்காக மெதுவாகவே சொல்கிறேன்.

ஏன் என்று கேட்டீர்கள். என் தங்கை ஜெனனிக்காக. அவளை யாரும் ஏமாற்றக்கூடாது என்பதற்காக. இதை விளக்க, முதலில் அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பலேர்மோவுக்குப் பக்கத்தில், பகேரியாவில் நாங்கள் வேலை செய்த வீட்டின் சொந்தக்காரர் ஒரு வக்கீல். எல்லோரையும் போல நாங்களும் அவரை அவ்வொக்காத்தோ என்றே அழைத்தோம். நான் வீட்டுக்குள் வேலை. றஞ்சித்துக்குத் தோட்டமும் கார்களும். முற்றத்தின் மறுபக்கம், முன்பு எலுமிச்சம்பழம் சேர்த்து வைத்த, கல்லால் கட்டிய அறை ஒன்று இருக்கிறது. அதில் மூன்று அமெரிக்கக் கார்கள் நின்றன. சிகொனெல்லா விமானத் தளத்துக்கு வந்த அமெரிக்கர்கள் தங்களோடு கொண்டுவந்து, திரும்பிப் போகும்போது விற்றவை. ஒரு பொன்ரியாக். பின்னால் உயரமான இறக்கை வைத்த நீல நிறப் பிளிமத். செம்மஞ்சள் நிற டொட்ஜ் சலஞ்சர்.

சலஞ்சர்தான் அரியது. எழுபதாம் ஆண்டுக் கார். கூரையை மடிக்கலாம். அந்த உடலுக்குள் அந்தப் பெரிய எஞ்சினைப் பூட்டிச் செய்தவை உலகத்திலேயே ஒரு கைப்பிடிதான் என்று அவ்வொக்காத்தோ சொல்வார். நான் கோப்பி கொண்டுபோய் வைத்துவிட்டு நிற்பேன், அவர் சொல்வார். நான் இடையில் பேசுவதில்லை. அதனால் அவருக்கு என்னோடு பேசப் பிடித்தது. அந்தக் காரை அவர் ஒருநாளும் வீதிக்குக் கொண்டுபோனதில்லை. பலேர்மோக்காரர் ஓட்டும் விதத்தில் யாராவது உரசிவிடுவார்கள் என்று பயம். அறையிலிருந்து முற்றம், முற்றத்திலிருந்து அறை. அவ்வளவுதான் அதன் பயணம்.

கிழமைக்கு ஒருமுறை எஞ்சின்களை முடுக்கிச் சற்று நேரம் ஓடவிடுவது றஞ்சித்தின் வேலை. நான் வந்த புதிதில், பெரிய கதவைத் திறக்காமலே அவர் முடுக்கப் போனார். நான் தடுத்தேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நான் படித்தது இரசாயனவியல். பழைய எஞ்சின், புகைக்குழாயில் எந்த வடிகட்டலும் இல்லை, குளிர்ந்து கிடந்தால் பெற்றோல் சரியாக எரியாது, காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு நிறைய வரும் என்று விளக்கினேன். அது இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துவிடும், மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது என்றேன். அவர் சிரித்தார்.

"பீஎஸ்சி லெக்சர் தொடங்கீட்டா. வடிவாக் கேள் மச்சான்" என்று காரின் முகப்பைத் தட்டிச் சொன்னார்.

ஆனால் அன்றிலிருந்து கதவைத் திறந்துவிட்டுத்தான் முடுக்கினார். அவர் கெட்டவர் அல்ல. என்னை ஒருநாளும் அடித்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இனிப் படங்களைப் பற்றி. இங்கிருக்கும் எங்கள் பொடியன்களுக்குப் பெண் பார்க்கும்போது ஊருக்குப் படம் அனுப்ப வேண்டும். பலேர்மோவின் வுச்சீரியாச் சந்தைப் பக்கம், நாலைந்து பேர் ஒன்றாகப் படுக்கும் அறையில் நின்று படம் எடுக்க முடியாது. அதனால் அவ்வொக்காத்தோ மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போகும் ஞாயிறுகளில் றஞ்சித்திடம் வருவார்கள். கோட் ஒன்றுதான். அவர்களோடு இருக்கும் பெனடிக்ற் அண்ணனுடையது. அவர் பெரிய ஆள், ஆகவே முதுகுப் பக்கம் துணிக் கவ்விகளால் இறுக்கி, முன்பக்கம் திரும்பி நிற்பார்கள். காரின் விளக்குகள் எரிய வேண்டும், பற்றறி பழையது, ஆகவே எஞ்சினும் ஓட வேண்டும். இல்லாவிட்டால் கடையில் விற்பனைக்கு நிற்கும் கார் போலத் தெரியும் என்பது றஞ்சித்தின் கருத்து.

எனக்குக் கலியாணம் பேசிய காலத்தில் எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து கொழும்பில் ஒரு வாடகை அறையில் இருந்தது. சலஞ்சரில் சாய்ந்துகொண்டு நிற்கும் றஞ்சித்தின் படம் வந்தது. "இப்பிடிக் கார் வச்சிருக்கிறவன் பெட்டையைப் பட்டினி போடமாட்டான்" என்றார் அப்பா. கோட்டின் கை அவருடைய விரல்வரை தொங்குவதை நான் கவனித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எனக்குக் கூச்சம் அதிகம்.

இங்கு வந்த அன்றே றஞ்சித் என்னை அந்த அறைக்குக் கூட்டிப்போய்க் காரைக் காட்டினார். "இவர்தான் எங்கட கலியாணத் தரகர். கும்பிடு" என்றார். நான் அழுவேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். அழவில்லை என்றதும் ஆறுதலாக மூச்சு விட்டார்.

இதை, என்னைப் போலப் படம் பார்த்து வந்த மற்றப் பெண்கள் பகிடியாகவே எடுத்துக்கொண்டார்கள். மலையேறும்போது ஒருமுறை செல்வமலர் என்னைக் கேட்டாள்.

"உமக்கு எந்தக் கார்?"

"செம்மஞ்சள்."

"எனக்கு நீலம். அந்த வால் வச்சது. அம்மா படத்தைப் பாத்திட்டு, இது பறக்கிறதோ பிள்ளை எண்டு கேட்டவ."

"பிறகு?"

"பிறகென்ன. வந்து ஒரு மாசத்தில சொல்லிப்போட்டன். இவர் ஹோட்டலில சீலை தோய்க்கிறார், பறக்கிறது சவுக்காரநுரை மட்டும்தான் எண்டு. அம்மா ரெண்டு நாள் கதைக்கேல்லை. பிறகு தானே ரெலிபோன் எடுத்து, தோய்ச்சுத் தோய்ச்சுக் கை புண்ணோ எண்டு கேக்கிறா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவர்கள் எல்லோருமே வீட்டுக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள். நான் சொல்லியிருக்கவில்லை.

நான் சொல்லாததோடு நிற்கவில்லை என்பதையும் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், ஆகவே நானே சொல்கிறேன். கூறைச்சேலை உடுத்து, சலஞ்சரின் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி ஒரு படம் எடுத்து அனுப்பினேன். றஞ்சித் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். ரெலிபோனில் ஜெனனியோடு பேசும்போது, ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரைவரை காரை ஓட்டிப்போய் மீன் சாப்பிட்டு வருவதாகச் சொன்னேன். எஞ்சினின் சத்தம், இருக்கையின் தோல் மணம், கூரையை மடித்தால் முகத்தில் படும் காற்று. எனக்குப் பேச வராது. ஆனால் அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் நன்றாக வந்தது. கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஜெனனி சொல்வாள், "அக்கா, நீங்கள் இப்ப வேறை ஆள்."

பிறகு, அத்தார் என்ற முறையில் றஞ்சித் ஜெனனிக்குத் தனேசைப் பேசினார். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவும் பொடியன். குடிப்பதில்லை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சம்மதம். ஜெனனியும் ஓம் என்றாள்.

நான் ரெலிபோனில் கேட்டேன், "அவரைத் தெரியாமல் எப்பிடி ஓம் எண்டனீ?"

"உங்கட படம் சுவரில கிடக்குதக்கா. அதைப் பாத்துத்தான் ஓம் எண்டனான்."

அந்த நேரத்தில் நான் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள். சொல்ல வாயெடுத்தேன். பிறகு, அங்கே மழையா என்று கேட்டேன்.

தனேஸ் அந்த ஞாயிறு படம் எடுக்க வந்தான். கோட் அவனுக்கு இன்னும் பெரிது. முதுகில் நான்தான் கவ்விகளைப் போட்டேன். அவன் கைகளில் எலுமிச்சையும் மீனும் கலந்த மணம், எவ்வளவு கழுவினாலும் போகாது என்று வெட்கப்பட்டான்.

"படத்தில மணக்காது. நில்" என்றார் றஞ்சித்.

"அக்கா, சிரிக்கிறதோ, சிரிக்காமல் நிக்கிறதோ?"

"உங்கட விருப்பம்" என்றேன்.

அப்போதுதான் அவன் றஞ்சித்தைப் பார்த்துச் சொன்னான். "அண்ணை, படம் எடுப்பம். ஆனா இது உங்கட கார் எண்டு அங்கை நினைச்சுக்கொண்டிருக்கினம். நான் அப்பிடியே விடேலாது. இண்டைக்குப் பின்னேரம் ஜெனனியோட கதைக்கேக்கை உள்ளதைச் சொல்லப்போறன். பொய்யில தொடங்க எனக்கு ஏலாது."

றஞ்சித் கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். "சொல்லு, சொல்லு. அத்தார் கார் துடைக்கிறவர், அக்கா வீடு துடைக்கிறவ எண்டு சொல்லு. எனக்கும் அலுத்துப்போச்சு. பீஎஸ்சிதான் கடற்கரைக்குக் கார் ஓடித் திரியிறா. இஞ்சை பார், முகம் போற போக்கை."

தனேஸும் சிரித்தான். கேலியாக அல்ல. வருங்கால மைத்துனியிடம் சிரிப்பதுபோலத்தான். அதை நான் இப்போதும் ஒத்துக்கொள்கிறேன்.

அறைக் கதவை நீங்கள் அளந்து பார்த்திருப்பீர்கள். கதவு திறந்திருந்தால் மேல்மாடியில் இருக்கும் அவ்வொக்காத்தோவின் அக்காவுக்கு உள்ளே நிற்பவர்கள் தெரியும். எஞ்சின் சத்தம் கேட்டால் பரவாயில்லை, அது றஞ்சித்தின் வேலை. வெளியாள் காரைத் தொடுவதைக் கண்டால்தான் வேலை போகும். அதனால் படம் எடுக்கும்போது மட்டும் கதவை மூடுவோம். உள்ளே தாழ்ப்பாள் கிடையாது, காற்றுக்குத் திறந்துவிடும். நான் வெளியிலிருந்து இரும்புக் கம்பியைப் போடுவேன். கூரைக்குக் கீழே ஒரு பலகைச் சாளரம். அதன் கயிறும் வெளியேதான். புகை போவதற்காக அதை இழுத்துச் சாளரத்தைத் திறந்து கட்டுவேன். அந்த ஏற்பாடு என்னுடையது. எல்லாப் படங்களுக்கும் அப்படித்தான் செய்தோம். அவர்கள் தட்டினால் கம்பியை எடுப்பேன்.

அன்று கம்பியைப் போட்டேன். கயிற்றைக் கையில் எடுத்தேன். பிறகு அதை விட்டுவிட்டேன்.

எஞ்சின் முழங்கியது. அந்தச் சத்தத்தை நான் ஜெனனிக்குச் சரியாகத்தான் வர்ணித்திருந்தேன், நிலத்தின் வழியாகக் காலுக்குள் ஏறும். றஞ்சித் "கொஞ்சம் இஞ்சாலை, கொஞ்சம் இஞ்சாலை" என்பது கேட்டது. சிரிப்புக் கேட்டது. பெனடிக்ற் அண்ணனின் கோட்டைப் பற்றி ஏதோ பகிடி. எனக்கு இரைச்சலில் விளங்கவில்லை. பிறகு சிரிப்பு நின்றது. பிறகு தட்டினார்கள்.

அவர்கள் ஏன் எஞ்சினை நிறுத்தவில்லை என்று உங்கள் நிபுணர் கேட்டார். மூளைக்கு ஒட்சிசன் குறையும்போது முதலில் போவது தீர்மானிக்கும் சக்தி. பிறகு கால்கள். திறப்பைத் திருப்புவது சின்ன வேலை, ஆனால் அது நினைவுக்கு வர வேண்டும். வந்த புதிதிலேயே றஞ்சித்துக்கு இதை விளக்கியிருக்கிறேன். அவர் கவனித்துக் கேட்டிருந்தால் நல்லது.

"நிரோசினி" என்று ஒருமுறை கேட்டது. பீஎஸ்சி என்று அல்ல. என் பெயரைச் சொல்லி அவர் அழைப்பது குறைவு. "அக்கா" என்றும் கேட்டது. அது தனேஸ். அவன் குரல் கதவின் கீழ்ப்பக்கத்திலிருந்து வந்தது.

எல்லாம் ஓய்ந்தபின் கதவைத் திறந்து, சாளரத்தையும் திறந்து, காற்று மாறக் காத்திருந்தேன். எஞ்சினை நிறுத்த எனக்குத் தெரியவில்லை என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது பொய். நான்தான் நிறுத்தினேன். சலஞ்சரின் முகப்பில் தனேசின் கை அடையாளம் கிடந்தது. துணி எடுத்துத் துடைத்தேன். அவ்வொக்காத்தோவுக்குப் பிடிக்காது. அதன் பிறகுதான் மேலே போய்ச் சொன்னேன்.

இதில் யாரையும் நான் வெறுக்கவில்லை. ஜெனனி ஒரு படத்தை நம்பி இங்கே வந்து, என்னைப் போல ஓர் அறைக்குள் நின்று ஒரு காரைப் பார்க்கக்கூடாது. அவளுக்கு மூத்தவள் நான். செய்ய வேண்டியதைச் செய்தேன்.

இன்று பின்னேரம் கொழும்புக்கு அறிவிக்கப்போவதாகச் சொன்னீர்கள். ரெலிபோனை ஜெனனிதான் எடுப்பாள். யோசப்பீன் அக்கா, நீங்களே பேசுங்கள். நான்தான் செய்தேன் என்று சொல்லுங்கள், ஒன்றையும் மறைக்க வேண்டாம். கதவைப் பற்றியும் சொல்லலாம். அவளுக்கு உண்மை தெரிய வேண்டும்.

கார் மட்டும் அத்தாருடையது என்றே சொல்லுங்கள்.