இரண்டாவது பெடல்

எங்கள் வேதக் கோவிலின் பக்கக் கதவைத் திறந்தால் வாவிக் காற்று நேராக உள்ளே வரும். வந்தால் முதலில் பறப்பது பாட்டுத் தாள்கள்தான். அதற்காக என் கைப்பையில் எப்போதும் எட்டு உடுப்புக் கிளிப் இருக்கும். இதைச் சொல்லித் தொடங்குவது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம், டொக்டர். ஆனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதித் தரச் சொல்லியிருக்கிறாள் என் மகள் மேனுகா. தகப்பனின் மருந்தைப் பற்றி முடிவெடுக்கும் முன் நீங்கள் இதை வாசிக்க வேண்டுமாம். நான் முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் வேலை செய்தவள். ஒழுங்காக எழுதுவது எனக்குப் பெரிய காரியம் இல்லை.

என் கணவர் அழகரத்தினம் தன்னாமுனைப் பக்கம் எங்கள் கோவிலில் ஓர்கன் வாசித்தவர். இருபத்து நான்கு வருடம் அவருக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்து நான் பக்கம் திருப்பினேன். எனக்கு நோட்ஸ் வாசிக்கத் தெரியாது. அந்தக் கறுப்புப் புள்ளிகள் இன்றைக்கும் எனக்கு எறும்புகள்தான். எனக்கு வாசிக்கத் தெரிந்தது அவருடைய தலையை. பக்கம் முடியப் போகும்போது ஒருமுறை தலையசைப்பார், நான் திருப்புவேன். வீட்டில் அவர் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. சோறு போதுமா என்றால் ஓம், உப்புக் காணுமா என்றாலும் ஓம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு பூசைக்குள் பதினைந்து இருபது தடவை என்னைப் பார்த்துத் தலையசைப்பார். கல்யாணம் கட்டிய எத்தனை பேருக்கு அது கிடைக்கிறது?

மூன்று வருடத்துக்கு முன் மேனுகா மெல்பேணிலிருந்து லீவில் வந்தபோது சிலேட்டு மாதிரிக் கண்ணாடித் திரை வைத்த ஒரு பெரிய டெப் கொண்டுவந்தாள். அலுமாரியில் கறையான் தின்றுகொண்டிருந்த தாள்களையெல்லாம் படமெடுத்து அதற்குள் ஏற்றினாள். கூடவே ஒரு பெடல். செருப்பளவுதான் இருக்கும். வலப் பக்கத்தைக் கால் நுனியால் மிதித்தால் அடுத்த பக்கம், இடப் பக்கத்தை மிதித்தால் முந்திய பக்கம். கையை எடுக்கவே தேவையில்லை. வயரும் இல்லை, புளூடூத். “அப்பாவுக்கு இனி ஒருத்தரும் தேவையில்ல” என்று சிரித்துக்கொண்டு சொன்னாள். பிள்ளை கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு என் கதிரையை அவரே தூக்கிக்கொண்டுபோய், பாடகர்கள் குடை வைக்கும் மூலையில் வைத்தார்.

“இனி நீ முன்னுக்கு இருந்து நிம்மதியாப் பூசை பாக்கலாம் தானே, புஸ்பம்” என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொன்னபடியால்தான் கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசை வாங்கில் போய் இருந்தேன். அங்கிருந்து பார்த்தால் அவருடைய முதுகு தெரியும். நல்ல முதுகுதான். ஆனாலும் முதுகு.

ஐந்து மாதத்தில் பெடல் பழுதானது. இரண்டு ஞாயிறு மறுபடியும் கதிரையைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு ஞாயிறும் நான் நீலச் சேலை உடுத்தேன். டெப்பின் கண்ணாடியில் விரலால் தள்ளினால் பக்கம் புரளும், கிளிப் தேவையில்லை. அதற்குள் மேனுகா வேறொரு பெடல் அனுப்பிவிட்டாள். கதிரை திரும்பவும் குடை மூலைக்குப் போனது.

பழையதை எறியச் சொன்னார்கள். திருத்தக்கூடிய சாமானை எறிகிற வழக்கம் எனக்கு இல்லை. ஏறாவூரில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் மின்ஹாஜிடம் கொண்டுபோனேன். உள்ளே ஒரு வயர் விட்டிருந்ததாம், பத்து நிமிடத்தில் ஒட்டித் தந்தார். தரும்போது ஒரு புத்தியும் சொன்னார்.

“ரெண்டையும் ஒண்டா ஓன் பண்ணிராதீங்க அன்ரி. அந்த டெப் ரெண்டையும் ஞாபகம் வச்சிருக்கும். எதை அமத்தினாலும் பக்கம் புரளும்.”

வீட்டுக்கு வந்து அதைக் கிளிப்புகளோடு கைப்பையில் போட்டேன். எதற்கென்று அப்போது நினைக்கவில்லை. நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை.

முதல் தடவை காணிக்கைப் பாட்டின் நடுவில். பைக்குள் கையை விட்டுப் பெருவிரலால் ஒருமுறை அமத்தினேன். பாட்டு ஒரு கணம் தடுக்கியது. அவர் சட்டென்று இடப் பக்கம் திரும்பினார், என் கதிரை இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு காலால் பின்னுக்குத் தள்ளி வாசிப்பைத் தொடர்ந்தார். ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. டெப் வந்து எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் என்னைத் தேடியிருக்கிறார்.

எல்லா ஞாயிறும் செய்யவில்லை. நான் அளவு தெரிந்தவள். மாதத்தில் இரண்டு தடவை, சில மாதம் மூன்று. கோவிலில் மட்டும் நடந்தால் கோவில் மின்சாரத்தைக் குறை சொல்வார்கள் என்று யோசித்து, வீட்டில் கீபோட்டில் பழகும்போதும் குசினிக்குள் இருந்து அமத்தினேன். ஒரு கையால் தேங்காய் துருவலாம், மறு கையால் அது. என் கணக்கு எளிமையானது. இந்தச் சாமான் சரிவராது என்று அவருக்கே வெறுத்துப் போகும், டெப்பை மூடிவைப்பார், தாளுக்குத் திரும்புவார். அவ்வளவுதான் நான் விரும்பியது.

ஆனால் அவர் சாமானைக் குறை சொல்லவில்லை. தன்னைக் குறை சொன்னார். அவருடைய தகப்பன் கடைசி நான்கு வருடம் சொந்தப் பிள்ளைகளைத் தெரியாமல் இருந்து செத்தவர். அந்தப் பயம் இவருக்குள் எப்போதும் இருந்தது, எனக்கும் தெரியும். கால் தன்னை அறியாமல் மிதிக்கிறதோ என்று சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாசித்தார். எத்தனை தடவை மிதித்தேன் என்று வாய்க்குள் எண்ணத் தொடங்கினார். எண்ணிக்கொண்டு வாசித்தால் பாட்டு எப்படி வரும்? வாசிப்பு கெட்டுப்போனது. அதற்கு நான் பொறுப்பில்லை, நான் எண்ணச் சொல்லவில்லை.

திருநாள் பூசைக்கு வெளியூரிலிருந்து ஆறு குருமார் வந்திருந்தார்கள். ஆலயம் நிறைந்து வெளியிலும் சனம். அன்றைக்கு ஒரே பாட்டில் மூன்று தடவை அமத்தினேன். மூன்றாவது தடவை அவர் வாசிப்பதை விட்டுவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்தார். பாடகர்கள் ஓர்கன் இல்லாமலே பாடி முடித்தார்கள். பூசை முடிந்து வெளியே வந்தபோது அவர் முகத்தை ஒருவரும் நேராகப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். எனக்குக் கவலையாகத்தான் இருந்தது.

ஓர்கனை விடுவதற்கு முன் அவர் ஒன்றைச் சரிபார்க்க நினைத்திருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. அடுத்த புதன்கிழமை பின்னேரம் வீட்டில் வாசித்துக்கொண்டிருந்தார். நான் குசினிக்குள் வழக்கம்போல ஒருமுறை அமத்தினேன். வாசிப்பு நின்றது. கொஞ்ச நேரத்தில் குசினி வாசலில் வந்து நின்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதில் இரண்டு பற்றரி.

“புஸ்பம், பற்றரி என்ட கையில இரிக்கு. பெடல் மேசைக்கு மேல கிடக்கு. ஆனா பக்கம் திரும்பிட்டு.”

இரண்டாவது பெடல் என் மடியில், சேலைத் தலைப்புக்குக் கீழே இருந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வாங்க என்று கிணற்றடிக்கு அனுப்பினேன். அவர் வருவதற்குள் உள்ளே போய், விரலால் பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளி வைத்தேன். வந்ததும் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன்.

“இஞ்சேருங்க, நல்லாப் பாருங்க. முதல் பக்கந்தானே கிடக்கு. ஒண்டும் திரும்பேல்ல.”

அவர் டெப்பைப் பார்த்தார், கையில் இருந்த பற்றரிகளைப் பார்த்தார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி நிலத்தில் இருந்துவிட்டார்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் அப்பா உங்களை மன்னித்திருப்பார் என்கிறாள் மேனுகா. மன்னித்திருப்பார், அவர் நல்ல மனிதர். பெடலையும் மன்னித்திருப்பார். அடுத்த ஞாயிறு அதையே மிதித்திருப்பார்.

தன்னை டொக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னது அவர்தான். உங்களுக்கு முன்பிருந்த டொக்டரில் ஒரு பிழையும் இல்லை, இதை நான் உறுதியாக எழுதுகிறேன். அவர் மிகவும் பொறுமையாக விசாரித்தார். ஞாபக சக்தியைச் சோதித்தார், அதில் குறை இல்லை என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அன்றைக்கு உண்மையில் பக்கம் திரும்பியதா என்று கேட்டார். இல்லை என்றேன். இல்லாததைக் காண்கிறார் என்று எடுத்துக்கொண்டு மருந்து எழுதினார். வேறென்ன செய்வார்?

மருந்து தொடங்கிய மூன்றாவது மாதம் கை நடுங்கத் தொடங்கியது. பிறகு அவரால் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. நான்தான் சோறு தீத்துகிறேன், சேவ் எடுத்துவிடுகிறேன், சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறேன். ஒரு வேளை மருந்தும் நான் தவறவிட்டதில்லை. இந்த ஒன்றரை வருடத்தில் அவரை நான் தனியே விட்ட நாள் இல்லை. அயலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

போன மாதம் மேனுகா வந்தாள். டெப்பையும் பெடலையும் இப்போது ஓர்கன் வாசிக்கும் தனுஷியாவுக்குக் கொடுக்க நினைத்து, பெடலைச் சரிபார்க்க மின்ஹாஜிடம் போயிருக்கிறாள். மற்றதும் நன்றாக வேலை செய்கிறதா, அம்மா திருத்தி எடுத்துக்கொண்டு போனாவே என்று அவர் சாதாரணமாகக் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து அரிசி வாளிக்குள் இருந்து அவளே அதை எடுத்தாள். என் முன்னால் வைத்தாள்.

“அப்பா சொன்ன பற்றரிக் கதை உண்மையா அம்மா?”

ஓம் என்றேன். கேட்டால் பொய் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அவள் அழுதாள். பிறகு போய்த் தகப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நடுங்கும் கைகளைப் பார்த்தார்.

“அப்ப, பக்கம் திரும்பித்தான் இரிக்கு” என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பதினொரு நாளாக என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மேனுகா அதைப் பெரிதாக எடுக்கிறாள். அவர் முன்பும் அதிகம் பேசியவர் இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா?

மருந்தைக் குறைத்தால் கை நேராகலாம் என்கிறாள். நல்லது, அது உங்கள் முடிவு. நான் செய்ததை ஒன்று விடாமல் எழுதிவிட்டேன். உங்களிடம் ஒரு திருத்தம் மட்டும் கேட்கிறேன். கிளினிக் கொப்பியில் தலை நடுக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிழை, டொக்டர்.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் நான்கு மணிக்கு, கறையான் விட்டுவைத்த பழைய தாள்களை எடுத்து அவருக்கு முன்னால் விரித்துக் கிளிப் போடுகிறேன். பக்கத்தில் என் கதிரையைப் போட்டு இருக்கிறேன். அவர் தாளைப் பார்ப்பதில்லை, என்னையும் பார்ப்பதில்லை, யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் தலை அசைகிறது. நேற்று மட்டும் நூற்றுப் பதினான்கு தடவை. இருபத்து நான்கு வருடம் வாசித்த தலை எனக்குத் தெரியாதா? அவர் அசைக்கிறார், நான் திருப்புகிறேன்.